பம்மல் சைக்கிள்காரருக்குப் பத்திரமான வழி

காலை எட்டு மணிக்குப் பம்மலிலிருந்து புறப்பட்டு வேலைக்குச் செல்லும் தொழிலாளி ஒருவர் தம் சைக்கிளின் மேல் ஏறும்போது, வீட்டார் மனத்தில் எழும் கேள்வி ஒன்றே. மாலையில் இவர் முழு உடம்போடு திரும்ப வேண்டுமே என்பதே அக்கேள்வி. ஜீவனத்தைத் தேடிப் போகிறவர் ஜீவனையே பணயம் வைக்க வேண்டியிருப்பது எந்த ஊருக்கும் பெருமை தரும் நிலைமையன்று. ஆகவே, பம்மல்வாசிகள் சைக்கிளில் பத்திரமாகப் போய்வர வழி உண்டா என்பதை இன்று சிறிது ஆராய விரும்புகிறோம்.

நாடகாசிரியர் சம்பந்த முதலியாரால் தமிழுலகெங்கும் பெயர் பெற்ற பம்மல், 2021-ஆம் வருஷத்தில் தாம்பரம் மாநகராட்சியில் சேர்க்கப்பட்டது. பல்லாவரம், அனகாபுத்தூர், செம்பாக்கம் முதலிய அண்டை ஊர்களும் அதே சமயத்தில் சேர்ந்தன. மாநகராட்சி என்ற பட்டம் கிடைத்தது. தெருக்கள் கிராமத் தெருக்களாகவே இருக்கின்றன. வண்டிகளோ நகரத்து வண்டிகளாகப் பெருகிவிட்டன. சங்கடத்தின் வேர் இதுவே.

இயற்கையும் மனிதரும் சேர்ந்து இவ்வூருக்கு இன்னுமொரு இடைஞ்சலைச் செய்திருக்கின்றனர். கிண்டி, சைதாப்பேட்டை ஆகிய இடங்களுக்கு நேர்வழியாகப் போகலாமென்று பார்த்தால், விமான நிலையம் குறுக்கே படுத்திருக்கிறது; அதை ஒட்டி அடையாறும் ஓடுகிறது. பொழிச்சலூர், கவுல்பஜார் பக்கம் சந்து பொந்துகளில் நுழைந்து பட்டணம் சேரலாம் என்பது வீண் நினைப்பு. கிழக்கே பல்லாவரத்தில் ஜி.எஸ்.டி. சாலையை அடைய வேண்டும். அல்லது மேற்கே அனகாபுத்தூர், குன்றத்தூர் வழியாகப் போரூரைச் சுற்ற வேண்டும். இரண்டாவது வழி வெகு தூரம். முதல் வழியில் பஸ்ஸும் லாரியும் தண்ணீர் வண்டியும் சைக்கிள்காரரின் தோளை உரசிக்கொண்டு செல்லுகின்றன.

குறுகிய வழி, நல்ல வழி என்ற இரண்டும் ஒன்றல்ல என்பதைச் சைக்கிள் ஓட்டுவோர் முதலில் உணர வேண்டும். வாகனத்தின் வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் சக்தி நான்கு மடங்காகும் என்பது பள்ளிக்கூடத்துப் பௌதிக பாடம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டிகள் பாயும் நேர்ச் சாலையைவிட, 20 அல்லது 30 கிலோமீட்டருக்கு மேல் எவரும் ஓட்ட முடியாத வளைந்த தெரு, பத்து நிமிஷம் அதிகமானாலும், உயிருக்குக் காவலாகும். ஆகையால் ஒரு வழியைப் பரீக்ஷிக்கும்போது, தூரம் எவ்வளவு என்பதோடு மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும். கனரக வண்டிகள் வருமா? வேகமான போக்குவரத்தைக் குறுக்கே கடந்து வலப்புறம் திரும்ப வேண்டிய இடங்கள் எத்தனை? இரவில் விளக்கும், மழையில் வடிகாலும் உண்டா? மூன்றாவது கேள்வியை அலட்சியம் செய்யலாகாது. 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் அனகாபுத்தூர்ப் பகுதியில் செய்த கொடுமையை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். சாதாரண மழையிலுங்கூடத் தேங்கிய நீருக்கடியில் பள்ளம் எது, திறந்த வடிகால் எது என்று தெரிவதில்லை.

இந்த உரைகல்லில் உரைத்துப் பார்த்தால் சில வழிகள் புலப்படும். குரோம்பேட்டைக்கும் தாம்பரம் சானடோரியத்தின் மெப்ஸ் தொழிற்பேட்டைக்கும் செல்லுவோர் பல்லாவரம் சந்திப்புக்குப் போய்ப் பெருஞ்சாலை முழுவதையும் மிதிக்க வேண்டியதில்லை. நாகல்கேணி வழியாகக் குரோம்பேட்டையை அடைந்தால் பெருஞ்சாலையில் செல்லும் தூரம் குறையும். தோல் பதனிடும் தொழிற்சாலைகளுக்கு வரும் லாரிகள் அவ்வழியிலும் உண்டு என்பது வாஸ்தவம். ஆயினும் அங்கே ஜி.எஸ்.டி. சாலையின் வேகம் இல்லை. பட்டணத்திற்குள் செல்லுவோருக்கோ, இரண்டு மூன்று கிலோமீட்டர் சைக்கிளில் சென்று, பல்லாவரம் ஸ்டேஷனில் வண்டியை விட்டுவிட்டு ரயிலேறுவதே உத்தமம். 1931-ஆம் வருஷத்திலேயே மின்சார ரயில் ஓடத் தொடங்கிய பாதை அது. அதைவிடப் பத்திரமான சாலை நமக்குக் கிடைக்கப் போவதில்லை.

பல்லாவரத்தில் 2020-ல் திறக்கப்பட்ட மேம்பாலத்தின்மீது சைக்கிளில் ஏறுவது அறிவீனம். சந்திப்பில் வலப்புறம் திரும்ப வேண்டியவர் இறங்கி, விளக்கைப் பார்த்து, பாதசாரிகளோடு தள்ளிக்கொண்டு கடக்கட்டும். சுற்றிவரச் சோம்பி எதிர்த் திசையில் ஓட்டும் பழக்கத்தை அடியோடு விட்டொழிக்க வேண்டும். புது வழியை வேலை நாளின் அவசரத்தில் சோதிக்காமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்ப் பார்த்து வருவது விவேகம்.

ஆனால் எல்லாப் பொறுப்பையும் சைக்கிள்காரர் தலையிலேயே சுமத்தி ஓய்ந்துவிட நாம் உடன்படோம். அவர் எவ்வளவு ஜாக்கிரதையாகச் சென்றாலும், பின்னால் வருகிற லாரிக்காரரின் ஜாக்கிரதை அவர் கையில் இல்லை. சைக்கிள் போக்குவரத்தைக் கவனிக்க இந்நாட்டில் விதிகள் இல்லாமலும் இல்லை. மணிக்கு 200 மோட்டார் வண்டிகளுக்கு மேல் செல்லும் சாலையில், நெரிசலான வேளையில் மணிக்கு 100 சைக்கிள்கள் சென்றாலே தனிப் பாதை அமைப்பது நியாயமாகும் என்று இந்திய சாலைக் காங்கிரஸ் 1962-லேயே வகுத்திருந்தது. சென்னை மாநகராட்சி 2014-ல் நடப்போருக்கும் சைக்கிள் ஓட்டுவோருக்குமென ஒரு கொள்கையை ஏற்றது. பம்மல் அந்த எல்லைக்கு வெளியே அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. எல்லைக் கல்லுக்கு அப்பாலுள்ள உயிருக்கு மட்டும் மதிப்புக் குறைவா என்று கேட்கிறோம்.

இன்னொரு முரண்பாட்டையும் சொல்லாமலிருக்க முடியவில்லை. மாணவ மாணவியருக்குச் சர்க்காரே இலவசமாகச் சைக்கிள் கொடுத்து வருகிறது. 2001-02-ல் ஆதி திராவிட, பழங்குடிப் பெண்களுக்கென்று தொடங்கிய உதவி பின்னர் விரிந்தது. புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தின் போது கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்று விடுதலையுணர்ச்சி பெற்றதை நாடறியும். வண்டியைக் கொடுத்த கை, அது ஓடுவதற்கு ஒரு முழ அகலப் பாதையையும் கொடுக்க வேண்டாமா? சைக்கிள் கையிலிருந்தும், ‘சாலை பொல்லாதது’ என்று தாய் தடுத்துவிட்டால் அந்தப் பெண்ணுக்கு என்ன லாபம்?

செல்வ நாடுகளுக்கே இவை சாத்தியம் என்று சிலர் சொல்லுவர். நெதர்லாந்து தேசத்தில் 1971-ல் மட்டும் மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் சாலை விபத்துக்களில் மாண்டனர். அவர்களில் நானூறுக்கு மேற்பட்டவர் குழந்தைகள். பெற்றோர் தெருவில் இறங்கிக் கிளர்ச்சி செய்தனர். அதன் பிறகே சைக்கிள் பாதைகள் பெருகின. அவர்களுக்கும் அப்பாதைகள் வானத்திலிருந்து விழவில்லை, கேட்டுப் பெற்றார்கள்.

தாம்பரம் மாநகராட்சியிடம் நாம் பெரிய காரியம் எதையும் கேட்கவில்லை. பம்மலின் உள் தெருக்களில் மணிக்கு 30 கிலோமீட்டர் என்ற வரம்பை விதித்து, அது நடைமுறையில் இருக்கும்படி செய்யட்டும். வாகனங்களும் ஜனங்களும் கலந்து செல்லும் இடங்களுக்கு அதுவே ஏற்ற வரம்பென்று 2020-ல் ஸ்டாக்ஹோமில் கூடிய உலக மகாநாடும் சொல்லியிருக்கிறது. பல்லாவரம் செல்லும் இந்திரா காந்தி சாலையின் ஓரத்தை ஆக்கிரமிப்பிலிருந்து மீட்கட்டும். வடிகால்களை மூடட்டும். பள்ளிகள் தொடங்கும் வேளையிலும் முடியும் வேளையிலும் லாரிகளை நிறுத்தி வைக்கப் போலீஸாரைக் கேட்கட்டும். ரயில் நிலையத்தில் சைக்கிள் வைக்கக் கூரையும் காவலும் ஏற்பட ரயில்வேயோடு பேசட்டும். மேம்பாலத்துக்கு ஆகும் செலவில் ஒரு சிறு பங்கே இவையனைத்துக்கும் போதும்.

ஊராரும் சும்மாயிருக்கலாகாது. தங்கள் தெருவின் அபாயமான இடங்களைக் குறித்து, வார்டு கவுன்ஸிலரிடம் எழுத்து மூலம் கொடுத்து, பதில் வரும்வரை விடாமல் கேட்க வேண்டும். விபத்து நடந்த பின் மறியல் செய்வதைக் காட்டிலும், நடப்பதற்கு முன் மனுச் செய்வது மேல். ஒரு குடும்பத்தின் கண்ணீரை அது மிச்சப்படுத்தும்.