வலை பின்னாமல் விடை காணல்

உலோகத் தகடு ஒன்றின் ஓரங்களில் வெப்பநிலையை அளந்துவிட்டோம். நடுவில் ஓரிடத்தில் அது எவ்வளவு இருக்கும்? எல்லையில் உள்ளதைக் கொண்டு உள்ளே இருப்பதை அறியும் இத்தகைய கணக்குகளை எல்லை மதிப்புக் கணக்குகள் என்பர். பாலம், அணை, விமான இறக்கை முதலியவற்றைப் பற்றிய கணக்குகள் பலவும் இவ்வினத்தைச் சேர்ந்தவையே.

வழக்கமான முறை யாது? தகட்டைச் சிறு சிறு முக்கோணங்களாகப் பிரித்து, இடைவெளியின்றிப் பொருந்தும் வலையாக அமைத்து, ஒவ்வொரு கூறுக்கும் சமன்பாடு எழுதுவர். நல்ல முறைதான். ஆனால் பொருளில் விரிசல் தோன்றி வளர்கிறது என வைத்துக்கொள்வோம். விரிசல் நகருந்தோறும் வலையை மாற்றிப் பின்ன நேரிடும். விடை காண்பதினும் வலை பின்னுவதே பெரும்பாடாகிவிடும்!

வலையே வேண்டாமெனில்? 1971-இல் ஹார்டி என்னும் அமெரிக்க நில அளவை அறிஞர், ஒழுங்கின்றிச் சிதறிய இடங்களில் அளந்த உயரங்களைக் கொண்டு நிலப்பரப்பின் வடிவத்தைக் காண வழி வகுத்தார். ஒவ்வொரு புள்ளியிலும் கிண்ணம் போன்ற ஒரு சார்பை வைத்தார். அப்புள்ளியிலிருந்து உள்ள தூரத்தின் வர்க்கத்தோடு ஒரு மாறிலியின் வர்க்கத்தைக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்தால் அச்சார்பு கிடைக்கும். 1990-இல் கான்சா என்பார் இதனையே வகைக்கெழுச் சமன்பாடுகளுக்குக் கையாண்டார்.

தகட்டில் 200 புள்ளிகளை இடுவோம். உள்ளே 150, ஓரத்தில் 50. சார்புகளைத் தத்தம் கெழுவால் பெருக்கிக் கூட்டினால் வருவதே விடை எனக் கொள்க. உட்புள்ளிகளில் வெப்பச் சமன்பாடும், ஓரப் புள்ளிகளில் அளந்த வெப்பநிலையும் பொருந்தவேண்டும். ஆக 200 சமன்பாடுகள். அறிய வேண்டிய கெழுக்களும் 200. எப்புள்ளிக்கு எது அண்டை என்ற பட்டியலே தேவையில்லை.

அப்படியானால் பழைய முறையைக் கைவிடலாமா? அவசரம் கூடாது. வலை முறையில் அமையும் அணியின் உறுப்புகளில் பெரும்பாலானவை பூச்சியம். இங்கோ 40,000 உறுப்புகளும் நிரம்பி நிற்கும். மாறிலியைப் பெரிதாக்கினால் விடையின் நுட்பம் ஓரளவுவரை கூடும். ஆனால் சார்புகள் ஒன்றையொன்று ஒத்துப்போவதால், கணிப்பொறி தசமங்களை வெட்டும் சிறு பிழையும் பன்மடங்கு பெருகும். மேலும், இச்சமன்பாடுகளுக்கு எப்போதும் தனித்த விடை உண்டென்ற உறுதி இல்லை என்பதை 2001-இல் ஹோன், ஷாபாக் இருவரும் எடுத்துக்காட்டினர்.

1994-இல் பெலிச்கோ குழுவினர், அருகிலுள்ள புள்ளிகளை மட்டுமே கருதும் வேறொரு முறையை விரிசல் கணக்குகளுக்கு வகுத்தனர். அதிலும் தொகையிடுவதற்குப் பின்னணியில் கட்டங்கள் வேண்டியிருந்தன.

ஆகவே, இம்முறைகளைக் கையாள விரும்பும் மாணவர், விடை முன்பே தெரிந்த கணக்கொன்றை முதலில் போட்டுப் பார்க்கவேண்டும். மாறிலியைச் சிறிது மாற்றி மீண்டும் போடவேண்டும். இரு விடைகளும் பெரிதும் வேறுபடுமாயின், அவ்வெண்களை நம்பி அணை கட்டலாகாது.