கத்தி எங்கே இருந்தது?

மரக்காணம் உப்பளங்களில் வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால் பாத்திகளில் தண்ணீர் கட்டிக்கொள்ளும், வேலை நின்றுபோகும். கூலி நிற்கிற அந்த மாதங்களில் வாடகை மட்டும் நிற்பதில்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான இடைவெளிக்காக உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்குத் தமிழக அரசு 5000 ரூபாய் நிவாரணம் அறிவித்ததே அந்த நெருக்கடிக்குச் சாட்சி. ஓர் அறையும் ஓர் ஒண்டுச் சமையலறையும், வாய்ப்பேச்சில் முடித்துக்கொண்ட வாடகையும் என்று வாழ்கிற இடங்களில் பாக்கி விழுந்தால் அடுத்து வருவது "காலி பண்ணு" என்ற சொல். பெரும்பாலும் இது தெருக் கூச்சலோடு அடங்கிவிடும். எப்போதாவது ஒருமுறை கத்திக்குத்தில் முடிந்தால், அந்தத் தகராறு மரக்காணம் காவல் நிலையத்தில் தொடங்கி, செஷன்ஸ் நீதிமன்றம், சென்னை உயர் நீதிமன்றம் என்று ஏறி, சில நேரம் டெல்லி வரைக்கும் போகும். வீட்டுக்காரர் பக்கம் நியாயமா, குடியிருந்தவர் பக்கம் நியாயமா என்று ஊர் கேட்கும். மேல்முறையீட்டு நீதிபதிக்கோ அது பெரிய கேள்வி அல்ல. சண்டை மூளுவதற்கு முன் கத்தி எங்கே இருந்தது, அது எப்போது கைக்கு வந்தது என்பதையே அவர் தேடுவார். அப்படித் தேடுவது சரிதான். ஆனால் அதற்கு விடை கிடைப்பது சம்பவம் நடந்த முதல் நாளில் காவல்துறை எழுதி வைக்கும் சில வரிகளைப் பொறுத்தது.

வாடகைத் தகராறில் நடந்த கொலைக்கு நாடு முழுவதும் இன்றும் எடுத்துக்காட்டப்படுவது சண்டிகரிலிருந்து வந்த ஒரு வழக்கு. 1989இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த அந்த வழக்கில், சச்சரவு ஒரு சமையலறையைக் காலி செய்வது பற்றியது. இரு தரப்பிலும் சகோதரர்கள். வாக்குவாதம் முற்றியது. ஒரு தரப்பைச் சேர்ந்தவர், எதிர்த்தரப்பின் சகோதரி இருக்கிறாள் என்றும் பாராமல் ஆபாசமாகத் திட்டினார். திட்டு வாங்கிய தரப்பைச் சேர்ந்தவர் சமையலறைக்குள் போய்க் கத்தியோடு திரும்பி, திட்டியவரின் கழுத்தில் ஒரு காயம் ஏற்படுத்தினார். தடுக்க வந்த திட்டியவரின் சகோதரருக்கு மூன்று காயங்கள். அவற்றில் ஒன்று உயிரைக் குடித்தது. கொலைக் குற்றம் என்று தண்டிக்கப்பட்டவர் உச்ச நீதிமன்றம் போனார். நீதிமன்றம் அதைக் கொலையாகாத மரணம் விளைவித்தல் என்று மாற்றி, 7 ஆண்டு கடுங்காவல் விதித்தது. இறந்தவர் திட்டவில்லை, அடிக்கவுமில்லை, விலக்கிவிட வந்தார் என்பதை நினைத்தால் இந்தத் தீர்ப்பு முதல் வாசிப்பில் யாருக்கும் உறுத்தும்.

உறுத்தல் நியாயமானதா என்று பார்க்கச் சட்டத்தின் கணக்கைக் கொஞ்சம் புரிந்துகொள்ள வேண்டும். மரணம் விளைவித்த செயல் எல்லாம் கொலை ஆகிவிடாது. இந்திய தண்டனைச் சட்டத்தின் 300ஆவது பிரிவு எது கொலை என்று சொல்லிவிட்டு, ஐந்து விதிவிலக்குகளையும் தந்தது. நான்காவது விதிவிலக்கு திடீர்ச் சண்டை பற்றியது. சண்டை திடீரென்று மூண்டிருக்க வேண்டும். முன்கூட்டித் திட்டமிட்டிருக்கக் கூடாது. ஆவேசத்தில் செய்திருக்க வேண்டும். எதிராளியின் பலவீனத்தை அநியாயமாகப் பயன்படுத்தியோ கொடூரமாகவோ நடந்திருக்கக் கூடாது. சண்டிகர் வழக்கு இந்த நான்கையும் தெளிவாக வரிசைப்படுத்தியதால்தான் புகழ்பெற்றது. சண்டைக்கு என்ன காரணம், முதலில் சீண்டியது யார் என்பதெல்லாம் இதில் பொருட்டல்ல என்றும், காயங்களின் எண்ணிக்கை மட்டும் முடிவு செய்துவிடாது என்றும் அது சொன்னது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் எண்கள் மாறின. கொலைக்கான தண்டனை 302இலிருந்து 103க்கும், கொலையாகாத மரணத்துக்கானது 304இலிருந்து 105க்கும் போயின. அடிப்படைக் கணக்கு மாறவில்லை. கொல்லும் எண்ணம் இருந்தும் விதிவிலக்கு கிடைத்தால் ஆயுள் வரைக்கும் தண்டனை உண்டு. ஆயுள் இல்லையென்றால் புதிய சட்டத்தில் குறைந்தது 5, அதிகபட்சம் 10 ஆண்டு. எண்ணம் இல்லை, சாவு நேரலாம் என்ற அறிவு மட்டும் இருந்தது என்றால் 10 ஆண்டு வரை.

"ஒரே குத்துதான், அதனால் கொலை இல்லை" என்று பலர் நம்புகிறார்கள். 1958இல் விர்சா சிங் வழக்கில் நீதிபதி விவியன் போஸ் அந்த நம்பிக்கைக்கு இடம் கொடுக்கவில்லை. அங்கே வயிற்றில் பாய்ந்தது ஒரே ஓர் ஈட்டிக் குத்துதான். அந்தக் குறிப்பிட்ட காயத்தைத்தான் ஏற்படுத்த நினைத்தான், இயல்பாகவே அது உயிரைப் பறிக்கப் போதுமானது என்று நிரூபணமானால், கொல்ல நினைத்தானா என்று தனியாகத் தேட வேண்டாம் என்றது தீர்ப்பு. 1984இல் தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் அதே ஒற்றைக் குத்துக்கு வேறு முடிவு கிடைத்தது. சீட்டு நடத்தியவர்களைத் தெருவில் நின்று திட்டிக்கொண்டிருந்த ஒருவரை, சீட்டோடு சம்பந்தமே இல்லாத ஒருவர் வெளியே வந்து கண்டித்தார். கண்டித்தவர் மீது கத்தி பாய்ந்தது. இறந்தவர் அங்கே வந்தது தற்செயல் என்பதால் கொல்லும் எண்ணத்துக்கு இடமில்லை என்று சொல்லி, உச்ச நீதிமன்றம் 5 ஆண்டாகக் குறைத்தது. இரண்டிலும் குத்து ஒன்றுதான். அதைச் சுற்றி நடந்தவைதான் வேறு.

சுற்றி நடந்தவை எவை என்பதற்கு 2006இல் புலிச்சேர்ல நாகராஜு வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு பட்டியல் தந்தது. ஆயுதம் எப்படிப்பட்டது, கையோடு கொண்டுவந்ததா அங்கேயே எடுத்ததா, குறிவைத்தது உயிர்நிலையா, எவ்வளவு வேகம், பழைய பகை உண்டா, சண்டை தற்செயலா என்று அது நீளும். என் பார்வையில் வாடகைத் தகராறுகளுக்கு இரண்டாவதுதான் திறவுகோல். கடலோர வீட்டில் மீன் வெட்டும் கத்தி அடுப்படியில் கிடப்பது அன்றாடம். வாய்ச்சண்டை நடக்கும்போது அது கைக்கு எட்டியது என்றால், ஆத்திரத்துக்கும் குத்துக்கும் நடுவே யோசிக்க நேரமில்லை. அதே கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு, "வாடகையைக் கேட்டுட்டு வர்றேன்" என்று கிளம்பியிருந்தால், வழி நெடுக யோசிக்க நேரம் இருந்தது. 1961இல் தீர்ப்பான நானாவதி வழக்கு வேறொரு விதிவிலக்கைப் பற்றியது, கடுமையான திடீர்த் தூண்டுதல் பற்றியது. அங்கேயும் தூண்டுதலுக்கும் துப்பாக்கிச் சூட்டுக்கும் நடுவே சுமார் 3 மணி நேரம் கடந்ததே கடற்படை அதிகாரி நானாவதிக்கு எதிராக நின்றது. அடுப்படிக்குப் போய்வர ஆகும் சில நொடிகளையும் அந்த 3 மணி நேரத்தையும் சட்டம் ஒன்றாக எண்ணாமல் இருப்பது மனித இயல்பை அறிந்த நியாயம்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. வெறுங்கையோடு நின்றவனைக் கத்தியால் குத்தியது அநியாயமாகப் பலவீனத்தைப் பயன்படுத்தியது ஆகாதா? 1993இல் ராஜஸ்தானிலிருந்து வந்த கிகர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றமே இதைச் சொன்னது: நிராயுதபாணியை மரண ஆயுதத்தால் தலையில் அடித்தால் நான்காவது விதிவிலக்கு கைகொடுக்காது. அந்தக் கண்ணால் பார்த்தால் சண்டிகர் தீர்ப்பு தாராளம்தான். விலக்கிவிட வந்தவர் மேல் மூன்று காயங்கள் விழுந்ததை இன்றைய அமர்வு ஒன்று வேறு விதமாக எடைபோடலாம். ஆனால் இதிலிருந்து "கோபத்துக்குச் சலுகையே கூடாது" என்ற முடிவுக்குப் போக முடியாது. கோபக்காரனுக்குப் பரிசு தருகிறார்கள் என்பவர்கள், ஆயுள் தண்டனை வரைக்கும் கதவு திறந்தே இருப்பதை மறந்துவிடுகிறார்கள். நீதிமன்றம் குற்றத்துக்கு வைக்கும் பெயரைத்தான் மாற்றுகிறது. வழிபார்த்துக் காத்திருந்து வெட்டியவனுக்கும் சண்டைக்குள் நிதானம் இழந்தவனுக்கும் ஒரே பெயர் வைத்தால், முன்னவனின் குற்றம்தான் சிறியதாகத் தெரியும்.

பெரிய சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. மேல்முறையீட்டு நீதிபதிகள் அந்த அடுப்படியைப் பார்ப்பதில்லை. அவர்கள் பார்ப்பது முதல் தகவல் அறிக்கை, பார்வை மகஜர், மாதிரி வரைபடம், பிரேதப் பரிசோதனை அறிக்கை, சாட்சியம். கைதானவர் கொடுத்த வாக்குமூலத்தின்பேரில் கத்தியைக் கைப்பற்றினோம் என்ற பகுதி ஏறக்குறைய எல்லாக் கத்திக்குத்துக் கோப்பிலும் இருக்கும்; சாட்சிகள் கையெழுத்தும் இருக்கும். குத்திய பிறகு கத்தி எங்கே போனது என்பதற்கு அது ஆதாரம். குத்துவதற்கு முன் எங்கே இருந்தது என்பதற்கு அதில் ஒரு வரியும் இருக்காது. அடுப்படிக்கும் வாசலுக்கும் எத்தனை அடி, நடுவில் கதவு உண்டா, கத்தி அந்த வீட்டுப் புழங்கு பொருள்தானா, வாக்குவாதம் எவ்வளவு நேரம் நீண்டது என்பதை வரைபடமும் அக்கம்பக்கத்தாரின் வாக்குமூலமும் அன்றே பதிந்திருந்தால், கொலையா இல்லையா என்பதற்கு ஆதாரத்தோடு பதில் கிடைக்கும். இல்லாவிட்டால், சாட்சி பல ஆண்டு கழித்துக் கூண்டில் ஏறிச் சொல்லும் ஒரு வாக்கியத்தை வைத்து இரு தரப்பு வழக்கறிஞர்களும் இழுபறி நடத்துவார்கள். சந்தேகத்தின் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்குப் போகும், அது போக வேண்டியதும்தான். ஆனால் கத்தியைக் கட்டிக்கொண்டு வந்தவனும் அந்தப் பலனோடு வெளியே வந்துவிடக் கூடும்.

புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் சோதனையையும் கைப்பற்றலையும் காணொலியில் பதிவு செய்யச் சொல்கிறது. 7 ஆண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் வல்லுநர் சம்பவ இடத்துக்கு வர வேண்டும் என்கிறது. ஒளிப்பதிவு கத்தியை எடுத்த புதரோடு நின்றுவிடாமல் அந்த வீட்டு அடுப்படியையும் காட்டினால்தான் இதற்குப் பொருள் உண்டு. இறந்தவர் குடும்பமும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. 2009 டிசம்பர் 31 முதல், விடுதலையை எதிர்த்து மட்டுமல்ல, குறைந்த குற்றத்துக்குத் தண்டித்ததை எதிர்த்தும் பாதிக்கப்பட்டவர் தாமே மேல்முறையீடு செய்யலாம். வாடகைச் சண்டைக்கோ அதற்கும் முன்னாலேயே ஒரு வாசல் இருக்கிறது. 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் எழுத்து ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்கி, காலி செய்ய வைப்பதை வாடகை நீதிமன்றத்திடம் விட்டிருக்கிறது. தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தி வெளியேற்றுவதைத் தடுக்கிறது. சமையலறை யாருக்கு என்பதை அங்கே தீர்த்துக்கொள்ளலாம். அந்த வாசலைத் தாண்டி வந்து கொலை வழக்காகிவிட்ட பிறகு, வாடகை பாக்கி எவ்வளவு என்பதை எந்தப் பிரிவும் கேட்காது.