பிராணோபகாரியின் நாற்காலி

ஞாயிற்றுக்கிழமை காலையில் சனத்நகரில் எந்தச் சலூனுக்குப் போனாலும் உங்களுக்கு முன்னால் நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள். ஒரே தெலுங்கு நாளிதழ் பக்கம் பக்கமாகப் பிரிந்து நாலு கைகளில் இருக்கும். நாற்காலியில் இருப்பவரின் கழுத்தைச் சுற்றித் துணியைக் கட்டிக்கொண்டே, கண்ணாடி வழியாகக் கடைக்காரர் கேட்பார்: “அன்னா, மீடியமா, ஷார்ட்டா?” தமிழ் முகம் என்று தெரிந்துவிட்டால் ரஜினி படம் பற்றி ஒரு வார்த்தை கூடுதலாக வரும்.

சனத்நகர் ஹைதராபாத்தின் பழைய தொழிற்பேட்டை. 1942இல் தொடங்கிய ஹைதராபாத் ஆல்வின் நிறுவனத்தின் ஆலை இங்கேதான் இருந்தது. ஆல்வின் குளிர்பெட்டியும் கைக்கடிகாரமும் வாங்குவதே பெருமையாக இருந்த காலம் ஒன்று உண்டு. அந்தப் பெயர் இப்போது கடைகளில் இல்லை. பெரிய ஆலை போய்விட்டது, இந்தச் சின்ன நாற்காலிகள் போகவில்லை. சந்தை விழுந்தாலும் முடி வளர்ந்துகொண்டுதானே இருக்கும்!

அந்த நாற்காலிக்குப் பின்னால் நாள் முழுக்க நின்றுகொண்டே இருப்பவருக்கு இந்த வேலை பிடித்திருக்கிறதா? நாம் கேட்டதில்லை. பிரிட்டனில் கேட்டிருக்கிறார்கள். சிட்டி அண்ட் கில்ட்ஸ் என்ற தொழிற்கல்வி அமைப்பு 2012இல் பல துறைகளில் வேலை பார்ப்பவர்களிடம் நடத்திய ஆய்வில், முடிதிருத்துநர்களிலும் அழகுக்கலைஞர்களிலும் 79 சதவீதம் பேர் தங்கள் வேலையில் மகிழ்ச்சியாக இருப்பதாகச் சொன்னார்கள். வங்கி வேலையில் இருந்தவர்களில் அப்படிச் சொன்னவர்கள் 44 சதவீதம் பேர்தான். சம்பளப் பட்டியலைத் தலைகீழாகப் பிடித்தால் எப்படி இருக்குமோ அப்படி ஒரு முடிவு.

இதை அப்படியே நம் ஊருக்குக் கொண்டுவந்துவிட முடியாது. அங்கே பெரும்பாலோர் விரும்பி எடுத்துக்கொண்ட தொழில், இங்கே பெரும்பாலோருக்குப் பிறப்போடு ஒட்டவைக்கப்பட்ட தொழில். அந்த வித்தியாசத்தை மறைத்துவிட்டு, கிடைத்த வேலையில் திருப்திப்படு என்று உபதேசிப்பது அக்கிரமம். ஆனாலும் இந்த வேலைக்குள் ஒரு நிறைவு இருக்கத்தான் செய்கிறது. அது எங்கே இருக்கிறது என்று தெரிய, நாற்காலியில் உட்கார்ந்து கவனித்தால் போதும்.

இருபது நிமிட வேலை

ஸ்ப்ரே பாட்டிலில் இருந்து இரண்டு பீச்சு. ஈரமான முடியைச் சீப்பு தூக்கிப் பிடிக்க, அதன்மேல் கத்தரி ஓடுகிறது. முடி இல்லாத இடத்திலும் காற்றை வெட்டித் தாளம் போடுகிறது. உச்சிச் சுழி எந்தப் பக்கம் திரும்புகிறது என்று விரல் தேடுகிறது. சுழியைப் பார்க்காமல் வெட்டினால் முடி படியாது, எவ்வளவு எண்ணெய் தடவினாலும் நட்டுக்கொண்டுதான் நிற்கும். காது மடலை மெல்ல மடித்து அதன் பின்புறத்தைச் சுத்தம் செய்கிறார். இரண்டு கிருதாவும் ஒரே உயரமா என்று ஓர் அடி பின்னால் போய்க் கண்ணாடியில் பார்க்கிறார். நேரில் பார்க்கும்போது தெரியாத கோணல் கண்ணாடியில் தெரிந்துவிடும்.

பிறகு புது பிளேடு. தாளைப் பிரித்து, பாதியாக ஒடித்து, கத்தியில் செருகுகிறார். பிடரியில் கோடு விழுகிறது. ஷேவிங் என்றால் அதே கத்தி தொண்டைக்கு வரும். முன்பின் தெரியாத ஒருவர் நம் கழுத்தில் கத்தி வைக்கும்போது கண்ணை மூடித் தூங்கிப்போகிறோமே, இந்த நம்பிக்கையை வேறு எந்தக் கடையில் கொடுக்கிறோம்?

எல்லாம் முடிந்ததும் படிகாரக் கல்லை ஈரத்தில் தேய்த்து ஒத்திவிட்டு, ஒரு சின்னக் கண்ணாடியை நம் பின்னந்தலைக்கு நேரே பிடிக்கிறார். நாம் நம் பிடரியைப் பார்க்கிறோம். அவர் நம் முகத்தைப் பார்க்கிறார்.

இந்தத் தொழிலின் நிறைவு அந்த ஒரு பார்வையில்தான் இருக்கிறது. ஆல்வின் ஆலையில் குளிர்பெட்டிக்குக் கதவு மாட்டிய தொழிலாளி, அந்தக் கதவைத் திறந்து முதல் ஐஸ் கட்டியை எடுத்த குழந்தையைப் பார்த்ததில்லை. வீடு கட்டிய கொத்தனார் பால் காய்ச்சும் நாளில் இருப்பது அபூர்வம். மென்பொருள் எழுதுகிறவருக்கு அதைப் பயன்படுத்துகிறவர் யாரென்றே தெரியாது. முடிதிருத்துநருக்கு மட்டும் தன் வேலையின் பலன் அரை மணிக்குள், ஓர் அடி தூரத்தில், ஒரு மனித முகமாகத் தெரிந்துவிடுகிறது. நேர்காணலுக்குப் போகும் பையனும் பெண் பார்க்கப் போகும் மாப்பிள்ளையும், உட்கார்ந்தபோது இருந்ததைவிடக் கொஞ்சம் நிமிர்ந்து எழுந்து போகிறார்கள். அதை ஒரு நாளில் பத்துப் பதினைந்து முறை பார்க்கிறவர் அவர்.

பட்டியலில் உறங்கும் பெயர்

தமிழ்நாட்டின் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் முடிதிருத்தும் சமூகத்துக்கு நேரே உள்ள பெயர்களைப் படித்திருக்கிறீர்களா? மருத்துவர், நாவிதர், மங்கலா என்று தொடங்கும் வரிசை ‘பிராணோபகாரி’ என்ற பெயரில் முடிகிறது. உயிருக்கு உபகாரம் செய்கிறவர் என்று பொருள். சாதிச் சான்றிதழ் எழுதும் குமாஸ்தா ஒரு நிமிடம் நின்று படித்தால் வியந்துபோவார்.

காரணம் இல்லாமல் வந்த பெயரல்ல. கட்டியைக் கீறிச் சீழ் எடுத்ததும், காயத்துக்கு மருந்து வைத்ததும் கத்தி பிடித்த இதே கைதான். அந்த வீட்டுப் பெண்கள் மருத்துவச்சிகளாகப் பிரசவம் பார்த்தார்கள். ஆந்திராவிலும் தெலங்கானாவிலும் நாயீ பிராமணர் என்று அழைக்கப்படும் இந்தச் சமூகத்தினர் இன்றும் கோயில்களிலும் கல்யாணங்களிலும் நாதஸ்வரமும் டோலும் வாசிக்கிறார்கள். மருத்துவமும் மங்கல இசையும் சவரமும் ஒரே வீட்டில் இருந்தன.

புத்தர் கதையில் வரும் உபாலி சாக்கிய இளவரசர்களின் நாவிதர். இளவரசர்கள் துறவு பூண வந்தபோது, தங்கள் குலச்செருக்கு அடங்கட்டும் என்று உபாலிக்கு முதலில் தீட்சை கொடுக்கச் சொன்னார்கள். சங்கத்தில் அவர் மூத்தவராகிவிட, முடி வெட்டிவிட்டவரை இளவரசர்கள் வணங்க வேண்டியதாயிற்று. புத்தர் மறைந்தபின் ராஜகிருகத்தில் கூடிய முதல் பௌத்தப் பேரவையில் விநய விதிகளை ஒப்பித்தவரும் அவர்தான்.

ஆனால் ஊர் நடைமுறை உபாலியைப் பின்பற்றவில்லை. தமிழ்நாட்டின் தென் மாவட்டங்களில் முடிதிருத்துகிறவரைக் ‘குடிமகன்’ என்றுதான் சொன்னார்கள். வாசலில் நின்று வேலை செய்ய வேண்டும், களத்தில் நின்று நெல் வாங்க வேண்டும், சாவு வீட்டில் சடங்குகளைச் செய்ய வேண்டும். யாருக்கு வெட்ட வேண்டும், யாருக்கு வெட்டக் கூடாது என்பதையும் ஊர்தான் முடிவு செய்தது. தலித்துகளுக்கு முடிவெட்ட மறுக்கும் கொடுமை பல கிராமங்களில் நடந்ததும் அந்த ஏற்பாட்டின்படிதான். நகரத்து நாற்காலி இந்தக் கட்டை ஓரளவு அறுத்தது. காசைக் கொடுத்தவர் யாராக இருந்தாலும் அதே நாற்காலி, அதே துணி. ‘குடிமகன்’ என்ற சொல்லுக்கு அரசியல் சட்டம் கொடுத்த பொருளுக்குச் சலூன்தான் கிட்டே வந்தது.

தூத்துக்குடியில் ஒரு நூலகம்

இந்த நாற்காலியை வைத்துக்கொண்டு என்னவெல்லாம் செய்யலாம் என்று காட்டியவர் தூத்துக்குடி மில்லர்புரத்தின் பொன்.மாரியப்பன். வறுமையால் 8ஆம் வகுப்போடு படிப்பு நின்றுபோனவர். தன் சலூனிலேயே ஒரு நூலகம் அமைத்தார். காத்திருக்கும் நேரத்தில் புத்தகம் வாசிக்கிறவர்களுக்குக் கட்டணத்தில் தள்ளுபடியும் கொடுத்தார். 2020 அக்டோபர் 25 அன்று மனதின் குரல் வானொலி நிகழ்ச்சியில் பிரதமர் மோடி அவருடன் பேசி, பிடித்த புத்தகம் எது என்று கேட்டார். திருக்குறள் என்றார் மாரியப்பன்.

படிக்க முடியாமல் போன ஒருவர், தன் கடைக்கு வருகிறவர்கள் படிக்கட்டும் என்று நினைத்திருக்கிறார். தான் இழந்ததைப் பிறருக்குக் கொடுத்து ஈடு செய்யும் இந்த மனநிலைக்கு நன்றியுணர்வு என்பதைத் தவிர வேறு நல்ல பெயர் எனக்குத் தெரியவில்லை.

இதே நாற்காலி ஒரு குடும்பத்தையும் தாங்கியிருக்கிறது. உத்தரப் பிரதேசத்தின் பன்வாரி டோலா கிராமத்தில் 2014இல் தந்தை படுத்த படுக்கையானபோது, அவருடைய சலூனை இரண்டு மகள்கள் எடுத்து நடத்தினார்கள். பெண் பிள்ளைகளிடம் யார் சவரம் செய்துகொள்வார்கள் என்பதால் முதலில் முடியை வெட்டிக்கொண்டு பையன்களின் பெயரில் வேலை செய்தார்கள். விஷயம் வெளியே தெரிந்தபோது அவர்களுக்குப் பாராட்டு கிடைத்தது. 2019இல் அவர்களிடம் முகச்சவரம் செய்துகொண்டவர்களில் ஒருவர் சச்சின் டெண்டுல்கர்.

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸில் மருத்துவர்களே சலூனைத் தேடி வந்தார்கள். ரொனால்ட் விக்டர் என்ற இதய மருத்துவரின் குழு, கறுப்பின மக்கள் நடத்திய 52 சலூன்களில் ரத்தக்கொதிப்பு உள்ள 319 வாடிக்கையாளர்களைச் சேர்த்தது. ஒரு பகுதிக் கடைகளில் மருந்தாளுநர் வந்து மருந்து கொடுத்தார், அவரைப் பார்க்கச் சொல்லி உற்சாகப்படுத்தியவர் முடிதிருத்துநர். ஆறு மாதத்தில் அந்த வாடிக்கையாளர்களுடைய மேல் அளவு ரத்த அழுத்தம் சராசரியாக 27 புள்ளி குறைந்தது. மற்றக் கடைகளில் முடிதிருத்துநர் அறிவுரை மட்டும் சொன்னார், அங்கே சுமார் 9 புள்ளிதான். 2018இல் வெளியான முடிவு இது. மருத்துவமனைக்குப் போகாதவர்கூடச் சலூனுக்கு மாதம் தவறாமல் போகிறார். பிராணோபகாரி என்று நம் முன்னோர் வைத்த பெயரை லாஸ் ஏஞ்சல்ஸ் தன் வழியில் கண்டுபிடித்துக்கொண்டது.

நாம் வைத்திருக்கும் பாக்கி

திரும்பவும் சனத்நகர். இந்தப் பகுதியின் பெரிய அடையாளம் ஈஎஸ்ஐ மருத்துவமனை. மருத்துவக் கல்லூரியும் அதோடு இருக்கிறது, மெட்ரோ நிலையத்துக்கே அந்தப் பெயர்தான். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தில் தொடங்கிய இந்தத் தொழிலாளர் காப்பீட்டின் பயனாகத் தொழிலாளிக்கு வைத்தியமும், நோய்க்கால விடுப்பில் சம்பளத்தின் ஒரு பகுதியும் கிடைக்கின்றன. ஆனால் பத்துப் பேராவது வேலை செய்யும் இடமாக இருந்தால்தான் பொதுவாக அந்தப் பாதுகாப்பு உண்டு. இரண்டு நாற்காலி போட்ட சலூனுக்கு இல்லை. அந்த மருத்துவமனையில் வேலை செய்கிறவர்களின் தலைமுடியை அழகாக வெட்டிவிடலாம், காலில் நரம்பு சுருட்டிக்கொண்டால் அங்கே படுக்க உரிமை கிடையாது.

நாள் முழுக்க நிற்பதால் காலில் நரம்புச் சுருள், கையைத் தூக்கியே வைத்திருப்பதால் தோள்வலி, சாயத்திலும் ரசாயனத்திலும் புழங்குவதால் விரல்களில் தோல் வெடிப்பு. இவையெல்லாம் இந்தத் தொழிலின் சம்பளப் பட்டியலில் வராதவை. 2020 ஊரடங்கில் ஏறக்குறைய இரண்டு மாதம் கடை மூடிக் கிடந்தபோது அன்றாட வருமானம் அப்படியே நின்றது. திறந்தபிறகு தமிழ்நாட்டில் முடிவெட்ட வந்தவரிடம் ஆதார் எண் வாங்கி எழுதிக்கொள்ளும் வேலையும் சேர்ந்தது. தெலங்கானா அரசு 2021 ஏப்ரல் 1 முதல் சலூன்களுக்கு மாதம் 250 யூனிட் மின்சாரத்தை இலவசமாக்கியது உண்மையான உதவி. ஆனால் மின்விசிறிக்குக் கிடைத்த சலுகை, அதன் கீழே நிற்கும் மனிதரின் முதுமைக்கும் நோய்க்கும் கிடைக்க வேண்டாமா?

நன்றியோடு இரு என்று இந்தத் தொழிலாளியிடம் யாரும் சொல்ல வேண்டியதில்லை. பின்கண்ணாடியைப் பிடித்து நம் முகத்தைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் அவர் தன் நிறைவைத் தானே சம்பாதித்துக்கொள்கிறார். நன்றி பாக்கி இருப்பது நம் பக்கம்தான். பல வருடமாக ஒரே நாற்காலியில் உட்கார்ந்தும் அவர் பெயர் தெரியாதவர்கள் நம்மில் எத்தனை பேர்?

அடுத்த முறை அவர் அந்தச் சின்னக் கண்ணாடியைப் பிடிக்கும்போது தலையை மட்டும் ஆட்டிவிட்டு எழுந்துவிடாதீர்கள். நன்றாக இருக்கிறது என்று வாயைத் திறந்து சொல்லுங்கள். பெயரைக் கேளுங்கள். கேட்ட கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். செவ்வாய்க்கிழமை மட்டும் போகாதீர்கள், அன்று அவருக்கு விடுமுறை.