குற்றாலத்துக்குப் போகிறீர்களா? தண்ணீரின் நிறத்தைப் பாருங்கள்!

ஆனி மாதம் பிறந்துவிட்டால் போதும். கடையநல்லூரில் வீட்டுக்கு வீடு ஒரே பேச்சுதான். "அருவியில் தண்ணீர் விழுகிறதா?"

தென்காசி வழியாகப் போனால் குற்றாலம் சுமார் 20 கிலோ மீட்டர். காலையில் பஸ் ஏறினால், ஆசை தீரக் குளித்துவிட்டு மாலையில் வீடு திரும்பலாம். கட்டுச்சோறு கொண்டு போனால் செலவும் குறைவு.

சாரல் வரும் வழி

தென்மேற்குப் பருவக்காற்று கேரளத்தில் மழையைக் கொட்டுகிறது. மேகங்களை மலை தடுத்துவிடுவதால், நம் பக்கத்துக்கு அந்த மழை அதிகம் வருவதில்லை. ஆனால் செங்கோட்டைக்கு மேற்கே, ஆரியங்காவுப் பக்கம், மலையில் ஒரு கணவாய் இருக்கிறது. அந்த வாசல் வழியாக ஈரக்காற்று நுழைகிறது. வெயிலும் தூறலும் மாறி மாறி வரும். அதுதான் சாரல்!

மலை உச்சியில் பெய்யும் மழை, சிற்றாறாக இறங்கிப் பேரருவியாக விழுகிறது. அது நேராக நம் தலையில் விழுவதில்லை. நடுவழியில் "பொங்குமாங்கடல்" என்ற பாறைப் பள்ளத்தில் விழுந்து, வேகம் தணிந்து, பொங்கி வழிகிறது. அந்தப் பள்ளம் இல்லாவிட்டால் அருவிக்குக் கீழே நிற்க முடியுமா?

திடீர் வெள்ளம்

17-5-2024 அன்று பழைய குற்றால அருவியில் திடீரென்று வெள்ளம் பாய்ந்தது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் அலறி ஓடினார்கள். 17 வயதுச் சிறுவன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான்.

கீழே வெயில் அடிக்கும்போதே மலைமேல் மழை கொட்டலாம். பாறைச் சரிவில் அந்தத் தண்ணீர் இறங்கி வர அதிக நேரம் ஆகாது. தெளிந்த தண்ணீர் கலங்குகிறதா? சருகும் சுள்ளியும் மிதந்து வருகின்றனவா? இரைச்சல் கூடுகிறதா? உடனே வெளியேறுங்கள். துண்டையும் செருப்பையும் தேடாதீர்கள். பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு மேட்டில் ஏறுங்கள்.

பேரருவியில் பாதுகாப்பு வளைவு ஒன்று உண்டு. அதைத் தாண்டித் தண்ணீர் விழுந்தால், குளிக்கத் தடை. "இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே!" என்று போலீசாரிடம் மல்லுக்கு நிற்பவர்கள் எப்போதும் உண்டு. போலீசார் என்ன, தண்ணீரையா நிறுத்த முடியும்?

காட்டுப் பாதை

பேரருவிக்கு மேலே செண்பகாதேவி அருவி. அதற்கும் மேலே தேனருவி. இரண்டுக்கும் மலைப்பாதையில் நடந்துதான் போகவேண்டும். வனத்துறை அனுமதி இல்லாமல் போகக்கூடாது. யானையும் கரடியும் உலவும் காடு அது. கடையநல்லூருக்கு மேற்கே உள்ள காடுகள்கூட 2015-ல் நெல்லை வனவிலங்கு சரணாலயத்தில் சேர்ந்துவிட்டன.

குளிக்கத் தடை என்றாலும் பயணம் வீண் இல்லை. பேரருவிக்கு எதிரே சற்றுத் தள்ளி நின்றாலே சாரல் உடம்பை நனைத்துவிடும். அருகில் குற்றாலநாதர் கோவில். நடராஜரின் ஐந்து சபைகளில் ஒன்றான சித்திர சபையும் அங்கேதான். சுவர் முழுவதும் ஓவியங்கள்! பிள்ளைகள் நகரமாட்டார்கள்.

திரும்பும்போது கடைகளில் மங்குஸ்தான் குவிந்திருக்கும். அழுத்திப் பார்த்து வாங்குங்கள். தோல் கல்லாக இருந்தால் உள்ளே பழம் கெட்டிருக்கும்.