ஆயிரத்தில் மூன்று லிட்டர்

2019 ஜூலை 12. ஜோலார்பேட்டையில் கிளம்பிய தண்ணீர் ரயில் சென்னை வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. 50 வேகன், மொத்தம் 25 லட்சம் லிட்டர். விழா எடுத்து வரவேற்றார்கள். சென்னையின் அன்றாடத் தேவையோ சுமார் 83 கோடி லிட்டர். நகரம் கேட்ட ஒவ்வொரு ஆயிரம் லிட்டருக்கும் அந்த ரயில் கொண்டுவந்தது மூன்று லிட்டர்தான்!

பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டு கிடந்த கோடை அது. ஜனங்கள் பெருகிவிட்டார்கள், தண்ணீருக்கு எங்கே போவது என்ற பேச்சு எல்லா இடத்திலும் அடிபட்டது. பாதி உண்மை. 1951இல் 14 லட்சம் பேர் இருந்த நகரம் 2011இல் 46 லட்சத்தைத் தாண்டியது. புறநகரையும் சேர்த்தால் 86 லட்சம். இத்தனைக்கும் தமிழ்நாட்டில் ஒரு பெண் பெறும் பிள்ளைகளின் சராசரி இரண்டுக்கும் கீழே போய்விட்டது. பிழைப்பு தேடி வருகிறவர்களாலும் எல்லை விரிவதாலும்தான் நகரம் பெருகுகிறது.

மீதிப் பாதியைத் தெருவில் பார்க்கலாம். வடசென்னையில் லாரி வருவதற்கு முன்பே பச்சை, நீலம், ஆரஞ்சு பிளாஸ்டிக் குடங்கள் வரிசை கட்டிவிடும். குடத்துக்குப் பக்கத்தில் ஆள் இல்லையென்றால் இடம் போய்விடும். காத்து நின்றால் அன்றைய கூலி போகும். அதே கோடையில் பழைய மகாபலிபுரம் சாலையின் அடுக்குமாடிகளுக்குத் தனியார் லாரிகள் வந்து சம்ப்பை நிரப்பின. விலை இரட்டிப்பானாலும் கொடுக்க அங்கே ஆள் இருந்தது. பெரும்பாலான வீடுகளுக்கு மீட்டரே கிடையாது. குடத்தில் பிடித்து அளந்து குடிப்பவருக்கும் தினமும் காரைக் கழுவுபவருக்கும் குடிநீர் வாரியத்தின் மாதக் கட்டணத்தில் பெரிய வித்தியாசமில்லை.

அந்த லாரித் தண்ணீர் எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் புறநகர்க் கிராமங்களின் வயல்கிணறுகளிலிருந்து. நெல்லைவிடத் தண்ணீர் விற்பது லாபம் என்றானபின் மோட்டார் நிற்குமா? வடக்கே மீஞ்சூர் இதைப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே அனுபவித்தது. ஆலைகளுக்கும் நகரத்துக்குமாக நிலத்தடி நீரை உறிஞ்சியதில் கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே புகுந்துவிட்டது. உப்பான கிணற்றை வைத்துக்கொண்டு விவசாயி என்ன செய்வார்? தெற்கே, மழையைத் தேக்கிவைத்த பள்ளிக்கரணை சதுப்புநிலம் சுமார் 5,500 ஹெக்டேரிலிருந்து 600 ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கியது. இழந்த நிலத்தின் மேல் குப்பைமேடும் கட்டடங்களும் எழுந்தன.

இப்போது நம்பிக்கை கடல்மீது. மீஞ்சூரில் 2010இலும் நெம்மேலியில் 2013இலும் தொடங்கிய கடல்நீர் சுத்திகரிப்பு ஆலைகள் நாளுக்குத் தலா 10 கோடி லிட்டர் குடிநீர் தரக் கட்டப்பட்டவை. மின்சாரச் செலவு எக்கச்சக்கம். வெளியேறும் உப்புக் கரைசலால் மீன்பாடு குறைந்ததாகவும் கரை அரிப்பதாகவும் நெம்மேலிப் பக்கத்து மீனவர்கள் பலமுறை புகார் சொல்லியிருக்கிறார்கள். அடுத்து பேரூரில் 40 கோடி லிட்டர் ஆலைக்கு 2023இல் அடிக்கல் நாட்டியாயிற்று. வீட்டுக்கு வீடு மீட்டர் வைக்கும் பேச்சு அதைவிடப் பழையது, அடுக்குமாடிக்காரர்களின் ஓட்டுக்குப் பயந்தோ என்னவோ நகரமாட்டேன் என்கிறது.