மழைத்தண்ணிக்குள்ள ஒரு குளிசை

நாங்கள் இருப்பது ரைன் ஆற்றுக்குக் கிட்ட. கோடை வந்தால் நுளம்பும் வந்துவிடும். மழைத்தண்ணி பிடிக்கிற பீப்பாவுக்குள்ள போடுவதற்கென்று சின்னக் குளிசைகள் கடையில் விற்கிறார்கள். போன கிழமை நான் ஒன்றைப் போட, ஏழு வயது மகள் கேட்டாள்: "அம்மா, புழு சாகுதெண்டா, இந்தத் தண்ணி ஊத்தின தக்காளியைச் சாப்பிட்டு நாங்களும் செத்துப்போவமா?"

"அதெல்லாம் ஒண்டுமில்லை" என்று சொல்லிச் சமாளிக்கலாம். ஆனால் மருந்துப் போத்தலைத் தொடாதே என்று சொல்லி வளர்த்ததே நாங்கள்தானே. சரியான விளக்கம் கொடுக்கத்தான் வேணும்.

குளிசைக்குள்ள இருப்பது பசிலஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற பக்டீரியா தயாரித்த சரக்கு. ஜெர்மனியில் உள்ளவர்களுக்கு அந்தப் பெயரில் துரிங்கியா மாநிலம் தெரியும். அங்கே ஒரு மாவு ஆலையிலிருந்து வந்த, நோய்பட்ட அந்துப்பூச்சிப் புழுக்களில் ஏர்ன்ஸ்ட் பெர்லினர் இதை 1911இல் கண்டார். (ஜப்பானில் இசிவாத்தா 1901இலேயே பட்டுப்புழுவில் கண்டுவிட்டார். பெயர் என்னவோ ஜெர்மனிக்குத்தான் போனது.) நுளம்பைக் கொல்லும் வகை 1976இல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில், ஒரு குட்டையில் கிடைத்தது.

சாப்பாடு குறைந்ததும் இந்தப் பக்டீரியா தடித்த ஓடுள்ள வித்தியாக மாறும். அந்த நேரத்தில் பக்கத்திலேயே புரதத்தை நெருக்கி அடுக்கி ஒரு படிகம் கட்டிவைக்கும். சாதாரணத் தண்ணியில் அது கரையாது, ஒன்றும் செய்யாது. நுளம்புப் புழு அதை விழுங்கினால்தான் கதை தொடங்கும். புழுவின் குடல் சவர்க்காரத் தண்ணி மாதிரி, பிஎச் கிட்டத்தட்ட 10. அந்தக் காரத்தில் படிகம் கரையும். கரைந்து வரும் நீளமான புரதமும் இன்னும் நஞ்சில்லை. குடலில் உள்ள நொதியங்கள் அதை வெட்டிச் சின்னதாக்க, மிஞ்சிய துண்டு குடல் சுவரில் தனக்குப் பொருந்தும் மூலக்கூறைப் பிடித்துக்கொள்ளும். பல துண்டுகள் சேர்ந்து கலத்தில் ஓட்டை போடும். தண்ணி உள்ளே பாய, கலம் ஊதி வெடிக்கும். பெரும்பாலும் ஒரு நாளுக்குள் புழு முடிந்துவிடும்.

எங்கட வயிற்றில் இருப்பது அமிலம், பிஎச் 2 அளவு. அங்கே அந்தப் புரதத்தைச் சோறு பருப்பு மாதிரிச் செமித்துவிடுவோம். அது பிடித்துக்கொள்ளும் மூலக்கூறும் எங்கட குடலில் இல்லை. தக்காளியைக் கழுவிவிட்டுத் தாராளமாகச் சாப்பிடலாம். ஆனாலும் குளிசைத் தூள் கண்ணில் பட்டால் உறுத்தும். பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

எனக்கு இருக்கிற தயக்கம் வேறு. வெள்ளம் வடியும் ரைன் கரைக் காடுகளில் இதையே ஹெலிகாப்டரிலிருந்து ஐஸ் மணிகளாகத் தூவுகிறார்கள். நுளம்புக்குச் சொந்தமான, கடிக்காத சின்னப் பூச்சிகளின் புழுக்களும் இதில் சாகலாம். தும்பிக்கும் பறவைக்கும் வௌவாலுக்கும் அவைதான் சாப்பாடு. இதைப் பற்றி இங்கே விவாதம் ஓயவில்லை.

அதனால் நான் பீப்பாவுக்கு மட்டும்தான் போடுவேன், தவளை இருக்கிற குளத்துக்கு இல்லை. குளத்துப் புழுவைத் தும்பிக் குஞ்சுகளே தின்னும். யாழ்ப்பாணத்தில் அம்மம்மா கிணத்துக்குள்ள மீன் விட்டதும் இதுக்குத்தான். பீப்பாவை நுண்வலையால் இறுக்கி மூடினால் குளிசையும் தேவைப்படாது.