விளைபொருள் விற்பனைக்கு இணையத்தளம்: பக்கங்களைத் திட்டமிடும் முறை

நெல்லையும் மரக்கறியையும் நன்றாக விளைவித்தும், விற்பனையில் நட்டமடையும் கமக்காரர் பலர். எப்பொருள், எவ்வளவு, யாருக்கு வேண்டும் என்னும் செய்தி அறுவடைக்கு முன் அவர்களுக்குக் கிட்டாமை இதற்கு ஒரு முக்கிய காரணமாகும். இக்குறையை நீக்கும் பொருட்டுக் கமக்காரர் சங்கங்களும் சிறு வியாபாரிகளும் தமக்கென இணையத்தளம் அமைக்க இன்று முற்படுகின்றனர். அவ்வாறு முற்படுவோர், பணம் செலவிடுமுன் தாளும் பென்சிலும் கொண்டு செய்யவேண்டிய திட்டம் ஒன்றுண்டு. அதனை இத்துண்டுப்பிரசுரம் விளக்குகின்றது.

ஓர் உதாரணம்

கிளிநொச்சியில் இரணைமடுக் குளத்து நீரைக் கொண்டு பயிர் செய்யும் ஒரு கமக்காரர் சங்கம், தன் அரிசியையும் மரக்கறியையும் கொழும்பு ஜிந்துப்பிட்டியில் உள்ள ஒரு சிறு கடை மூலம் விற்கின்றது எனக் கொள்க. கொட்டாஞ்சேனையை அடுத்த ஜிந்துப்பிட்டி, ஒடுங்கிய தெருக்களும் நெருங்கிய வீடுகளும் கொண்ட இடம். சிவசுப்பிரமணிய சுவாமி கோயில் அங்கே உள்ளது. கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயமும் நகைக்கடைகள் நிறைந்த செட்டியார் தெருவும் அண்மையில் உள்ளன. ஆகவே வாங்குவோருக்குக் குறைவில்லை.

எனினும் கிளிநொச்சியிலிருந்து கொழும்புக்கு முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் தூரம். கட்டளை எதுவும் பெறாது லொறியில் ஏற்றிய கத்தரிக்காய், கடையில் விலைப்படாது எஞ்சினால் பேலியகொடை மானிங் சந்தைக்கே செல்லவேண்டும். அன்று அங்கு வரத்து மிகுந்திருப்பின், கேட்ட விலைக்குக் கொடுப்பதன்றி வேறு வழியில்லை. காய் இரண்டு மூன்று நாளில் வாடிவிடும். திருப்பி ஏற்றினால் லொறிக்கூலிக்கும் கட்டாது. பறிப்பதற்கு முந்திய நாளே கட்டளை கைக்கு வந்திருந்தால், வேண்டிய அளவை மட்டும் பறித்து அனுப்பியிருக்கலாம். சங்கத்தின் இணையத்தளம் செய்யவேண்டிய வேலை இதுவே: பறிக்குமுன் கட்டளை பெறுதல். இவ்வேலைக்கு உதவாத எதுவும் அத்தளத்தில் இடம்பெற வேண்டியதில்லை.

முதலிற் கேள்விகளைத் திரட்டுக

தளம் அமைப்போரிற் பலர், என்ன நிறம், எத்தகைய படம் என்பவற்றையே முதலில் ஆராய்வர். இது முறையன்று. கடையில் மூன்று நாள் அமர்ந்து, வாங்க வருவோரும் தொலைபேசியில் அழைப்போரும் கேட்கும் கேள்விகளை அவர்கள் சொல்லிலேயே எழுதுதல் வேண்டும். பெரும்பாலும் அவை இவ்வாறிருக்கும்:

இன்று என்ன மரக்கறி இருக்கிறது? கிலோ என்ன விலை? இந்த அரிசி புழுங்கலா, பச்சையா? சோறு குழையுமா? முருங்கைக்காய் எப்போது வரும்? வீட்டுக்குக் கொண்டுவந்து தருவீர்களா? பழுதாயிருந்தால் மாற்றித் தருவீர்களா?

ஒவ்வொரு கேள்வியையும் தனித்தனித் தாள்துண்டில் எழுதி, ஒன்றோடொன்று சேர்வனவற்றை ஒரே குவியலாக இடுக. ஒவ்வொரு குவியலும் ஒரு பக்கமாகும். அதிகமுறை கேட்கப்பட்ட கேள்விக்குரிய விடை முதற்பக்கத்திற்கு உரியது.

ஐந்து பக்கங்கள் போதும்

1. முகப்புப் பக்கம்: யார் விற்கின்றனர், எதை விற்கின்றனர், எங்கே பெறலாம், எவ்வாறு கட்டளையிடலாம் என்னும் நான்கும் கைத்தொலைபேசித் திரையைக் கீழே தள்ளாமலே தெரிதல் வேண்டும். சங்கத்தின் வரலாறும் தலைவர் வாழ்த்தும் இங்கு வேண்டா.

2. பொருட் பக்கம்: ஒவ்வொரு பொருளின் பெயர், அளவு, விலை, அவ்விலை எழுதப்பட்ட திகதி ஆகியன வரிசையாக அமைதல் வேண்டும். இங்கு கமக்காரர் ஒன்றைக் கவனித்தல் நன்று. பி.ஜீ. 360 என்றால் அது பத்தலகொடை ஆராய்ச்சி நிலையத்து இனமென்றும், ஏ.ரி. 362 என்றால் அம்பலாந்தோட்டை நிலையத்து இனமென்றும் கமக்காரர் அறிவர். நகரத்தில் அரிசி வாங்குபவர் அவ்வெண்களை அறியார். அவருக்கு முன்னது கீரிச்சம்பா, பின்னது சிவப்பரிசி. ஆதலின் வாங்குபவர் வழங்கும் பெயரை முதலில் எழுதி, இன எண்ணைப் பின்னர் எழுதுக. மொட்டைக்கறுப்பன், பச்சைப்பெருமாள் போன்ற பழைய இனங்களைத் தேடி வாங்குவோரும் உளர். அவற்றைத் தனியே காட்டுதல் பயன் தரும்.

3. பருவப் பக்கம்: எந்த மாதத்தில் எப்பொருள் கிடைக்கும் என்பதை அட்டவணையாகக் காட்டுக. பெரும்போக நெல் பெப்ரவரி, மார்ச்சு மாதங்களிலும் சிறுபோக நெல் ஓகஸ்ட், செப்டெம்பர் மாதங்களிலும் பெரும்பாலும் அறுவடையாகும். ஐப்பசியிற் கந்தசஷ்டி விரதம் வரும் ஆறு நாளும் மரக்கறிக்குத் தேவை கூடும். அதே காலத்தில் மழையால் வரத்துக் குறையும். இவற்றை முன்னரே அறிந்த கடைக்காரர் முன்னரே கட்டளையிடுவார். கமக்காரரும் அதற்கேற்ப நடுகையைத் திட்டமிடலாம்.

4. கட்டளைப் பக்கம்: எத்தனை மணிக்குள் கட்டளையிடல் வேண்டும், எந்நாளில் பொருள் வந்து சேரும், குறைந்த அளவு எவ்வளவு, பணம் செலுத்துவது எவ்வாறு, பழுதான பொருளுக்கு என்ன செய்யப்படும் என்பவற்றை ஒளிவின்றி எழுதுக.

5. தொடர்புப் பக்கம்: முகவரி, தொலைபேசி, கடை திறக்கும் நேரம், வழிகாட்டும் அடையாளம் ஆகியன போதும். ஒடுங்கிய தெருவில் கடையைத் தேடுபவருக்குக் கோயிலிலிருந்து எத்திசை, எத்தனையாவது ஒழுங்கை என்பது மிக உதவும்.

எந்தப் பக்கத்தில் நின்றாலும் ஏனைய நான்கிற்கும் ஒரே தொடுகையிற் செல்லுமாறு இணைப்புகள் அமைதல் வேண்டும்.

எழுத்தும் படமும்

உலகளாவிய வலையை ஜெனீவாவுக்கு அண்மையிலுள்ள ஐரோப்பிய அணுக்கரு ஆராய்ச்சி நிலையத்தில் 1989இல் முன்மொழிந்தவர் ரிம் பேர்னர்ஸ்-லீ. அவர் அமைத்த முதல் தளம் எழுத்தும் இணைப்பும் மட்டுமே கொண்டது. இன்றும் தளத்தின் உயிர் எழுத்தேயாகும். விலைப்பட்டியலைப் படமெடுத்துப் போடுவோர் உளர். படத்திலுள்ள சொற்களைத் தேடுபொறி எழுத்தைப்போல எளிதாகக் கண்டுகொள்வதில்லை; படம் திறக்கவும் நேரமாகும். பட்டியலை எழுத்தாகவே இடுக.

தமிழை யுனிக்கோடு முறையில் தட்டெழுதுதல் வேண்டும். அச்சகங்களில் வழங்கும் பாமினி எழுத்துருவில் தட்டெழுதியதை அப்படியே தளத்தில் இட்டால், வாசிப்பவர் திரையில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே தோன்றும். கொழும்பில் வாங்குவோர் பல மொழியினராதலின், பொருட் பக்கத்தையும் கட்டளைப் பக்கத்தையும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் அமைத்தல் நன்று.

படம் வேண்டுமாயின், சொந்த வயலிலும் கடையிலும் பகல் வெளிச்சத்தில் எடுத்ததைச் சிறிதாக்கி இடுக. பிறர் தோட்டத்துக் காயைக் காட்டித் தம் காயை விற்றல் ஒருமுறையே நடக்கும்.

தளத்தின் பெயரும் உரிமையும்

இலங்கைக்குரிய பெயர்களை எல்.கே. ஆள்களப் பதிவகம் வழங்குகின்றது. 2010ஆம் ஆண்டில் ‘.இலங்கை’ என்னும் தமிழ் ஈறும் இந்நாட்டிற்குக் கிடைத்தது. பெயரைச் சங்கத்தின் பெயரிலேயே பதிதல் வேண்டும். தளம் அமைத்துக் கொடுப்பவர் தம் பெயரிற் பதிந்துகொண்டால், அவருடன் பிணக்கு நேரும்போது தளமே கைவிட்டுப் போகும். புதுப்பிக்கவேண்டிய திகதியைச் சங்கக் கணக்குப் புத்தகத்திற் குறித்துக்கொள்க.

கட்டளையிடுவோரின் பெயர், தொலைபேசி எண் முதலியவற்றைப் பிறருக்குக் கொடுத்தல் ஆகாது. இத்தகைய விவரங்களைக் காக்கும் பொருட்டு 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் நிறைவேற்றப்பட்டுள்ளது.

அன்றாடம் பார்ப்பவர் யார்?

திட்டத்தில் மறக்கப்படுவது இதுவே. விலையையும் இருப்பையும் நாள்தோறும் மாற்றும் பொறுப்பை ஒருவருக்கு ஒப்படைத்து, அவர் வராத நாளில் அதைச் செய்பவரையும் குறித்தல் வேண்டும். ஹெக்டர் கொப்பேகடுவ கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகம் சந்தை விலைகளை வெளியிடுகின்றது. அவற்றைப் பார்த்துத் தம் விலையை அவர் காலையில் தீர்மானிக்கலாம். நாள்தோறும் மாற்ற ஆளில்லாத சங்கம் விலையை எழுதாது, பருவ அட்டவணையையும் தொலைபேசி எண்ணையும் மட்டும் இடுதல் நலம். சென்ற மாதத்து விலையை நம்பி வந்தவர் கடையில் வேறு விலை கேட்பின், அவர் மீண்டும் அத்தளத்தைத் திறவார். அயலாருக்கும் அதனைச் சொல்வார்.

தளம் ஆயத்தமானதும், அதனை முன்பு கண்டிராத ஒருவர் கையிற் கொடுத்து, ‘நாளைக்கு ஐந்து கிலோ வெண்டிக்காய் வாங்குக’ என்று மட்டும் சொல்லிப் பார்க்க. அவர் எங்கே தயங்குகின்றாரோ அங்கே திருத்துக. அவர் எவரையும் கேளாது கட்டளையிட்டு முடித்தபின் தளத்தை யாவர்க்கும் திறந்துவிடலாம். அடுத்த லொறி, வாங்குவோர் கேட்ட அளவை மட்டும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் புறப்படும்.